குன்றின்மேல் நின்ற ஊர்

இலண்டன் மாநகரின் வடமேற்குப் புறநகரில், ஒன்றுபோல் நிரல்பட்ட வீடுகளுக்கும் தொடர்வண்டிப் பாதைகளுக்கும் நடுவே ஏறத்தாழ 400 அடி உயரமுள்ள குன்றொன்று எழுந்து நிற்கிறது. அதன் உச்சியில் அமைந்தது ஹாரோ என்னும் பழைய ஊர். கி.பி. 767ஆம் ஆண்டுச் சாசனத்திலேயே இப்பெயரின் முன்வடிவம் காணப்படுகிறது. கிறித்தவத்துக்கு முற்பட்ட வழிபாட்டிடம் என்பதே அதன் பொருள் என்பர். குன்றுதோறாடல் பயின்றவர்க்கு இது வியப்பளிக்காது. அக்குன்றின்மீதே தூய மரியாள் ஆலயத்தைக் கான்டர்பரிப் பேராயர் அன்செல்ம் 1094இல் அர்ப்பணித்தார்.

1572இல் ஜான் லயன் என்னும் உழவர் பெருமகன், முதலாம் எலிசபெத் அரசியாரின் பட்டயம் பெற்று அங்கே பள்ளியொன்றை நிறுவினார். ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி என்பது அவர் நோக்கம். காலப்போக்கில் கட்டணம் செலுத்தும் செல்வர் மக்களே அங்கு நிறைந்தனர். 1905இல் ஜவாஹர்லால் நேரு வந்து சேர்ந்ததும் இப்பள்ளியில்தான். எனினும் குன்றைக் காத்ததில் பள்ளிக்குப் பங்குண்டு. 1880இல் மெட்ரோபாலிட்டன் இருப்புப்பாதை வந்தது; இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் சுற்றியிருந்த வயல்கள் வீடுகளாயின. பள்ளியின் கைவசமிருந்த சரிவு நிலங்களோ திறந்த வெளிகளாகவே எஞ்சின. 'குன்றின்மேல் ஹாரோ' எனப் பெயர் தாங்கும் நிலையம் குன்றின் அடியில் இருப்பது ஒரு வேடிக்கை! அடிவாரத் தெருக்களில் இன்று ஈழத்தமிழர் பலர் வாழ்கின்றனர்.

கவிஞர்களுக்கு இக்குன்று பைரனின் குன்று. 1801 முதல் 1805 வரை இங்குப் பயின்ற அவர், ஆலயத் தோட்டத்துக் கல்லறையொன்றின் மீது சாய்ந்து நெடுநேரம் தொலைவை நோக்கியிருப்பார். பீச்சி கல்லறை எனப்படும் அக்கல்லைக் காண இன்றும் அன்பர்கள் வருகின்றனர். அங்கிருந்த எல்ம் மரத்தடியை 1807இல் அவர் கவிதையாக்கினார்; தாமும் அங்கேயே உறங்க விரும்பினார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை.

மண முறைக்குப் புறத்தே பிறந்த அவர் மகள் அல்லெக்ரா, 1822இல் இத்தாலியக் கன்னிமாடமொன்றில் ஐந்து வயதில் இறந்தாள். தந்தை அவளுடலைக் கடல் கடந்து ஹாரோவுக்கு அனுப்பி, ஆலயத்தினுள் நினைவுக்கல் வைக்க வேண்டினார். பிறப்பைக் காரணங்காட்டி ஆலயத்தார் மறுத்துவிட்டனர். கவிஞரின் ஒழுக்கத்தின்மீது எழுந்த சினம் குழந்தையின் மீது விழுந்தது என்றே கொள்ள வேண்டும். வாயிலருகே, பெயர் பொறிக்காமல் அவளைப் புதைத்தனர். பைரன் கழகத்தார் அவள் பெயரைக் கல்லில் பொறித்து அங்கே பதித்தது 1980இல்.