தேன் பஞ்ச காலம்

தேன் பஞ்ச காலம் என்பது பூக்களில் கிடைக்கும் தேனும் மகரந்தமும் ஒரு தேனீக் கூட்டத்தின் அன்றாடச் செலவுக்குப் போதாமல் போகும் மாதங்களைக் குறிக்கும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பனிக்காலமே இந்தப் பஞ்சம். கொழும்பில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை 27 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்பதால், இங்கே குளிரால் எந்தத் தேனீயும் சாவதில்லை. இலங்கையின் ஈரவலயத்தில் கூட்டங்களைப் பட்டினி போடுவது மழைதான். விடாமல் பெய்யும் மழை பூவில் உள்ள தேனைக் கழுவிவிடுகிறது, மகரந்தத்தை நனைத்துக் கெடுக்கிறது, தேனீக்களைப் பெட்டிக்குள் அடைத்துவைக்கிறது.

குளிர்நாட்டு வழக்கத்தைத் தெரிந்துகொண்டால் நம் நாட்டுச் சிக்கல் தெளிவாகப் புரியும். அங்கே வளர்க்கப்படும் ஐரோப்பியத் தேனீ, வெளி வெப்பநிலை 14 பாகையை ஒட்டிக் குறையும்போது அடைகளின் நடுவே ஒரு பந்துபோல் திரளும். பறக்கப் பயன்படும் தசைகளை நடுக்கியே சூடு உண்டாக்கும். கோடையில் ஐந்தாறு வாரம் வாழும் வேலைக்காரத் தேனீ, இலையுதிர் காலத்தில் பிறந்தால் ஐந்தாறு மாதம் உயிரோடு இருக்கும். கடுங்குளிர்ப் பகுதியில் ஒரு பெட்டிக்கு 25 முதல் 40 கிலோ வரை தேனை விட்டுவைக்க வேண்டும். வாசலைக் குறுக்கி எலி புகாமல் காப்பது, காற்றுக்கு மறைப்புக் கட்டுவது, ஈரம் தேங்காமல் மேலே சிறு வழி விடுவது, புழு இல்லாத நாட்களில் வரோவா உண்ணிக்கு ஒக்சாலிக் அமிலம் இடுவது என்று வேலைகள் முறையாக வகுக்கப்பட்டுள்ளன. அந்தக் கூட்டத்துக்குப் போக வேறு இடம் கிடையாது. சேமிப்பு இருந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளேயே சாகும்.

இலங்கைத் தேனீ அப்படிச் சாவதில்லை. கூட்டைக் கைவிட்டுப் பறந்துவிடும். ஆகவே பஞ்ச காலப் பராமரிப்பு என்றால் இங்கே, கூட்டம் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வது என்றே பொருள். ஆங்கிலக் கையேடுகளைப் பார்த்துத் தேன் பெட்டி வைத்தவர்கள் பலர் இழப்புக்கு ஆளானது இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான்.

வளர்ப்புத் தேனீயும் காட்டுத் தேனீயும்

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இத்தீவின் தேனீக்களை மூன்று வகையாகப் பிரித்து எழுதினார். அந்த மூன்றும் இன்றும் அடையாளம் காணக்கூடியவை. பெட்டியில் வளர்ப்பது மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீ; சிங்களத்தில் மீ மெஸ்ஸா. உயர்ந்த கிளையிலும் பாறையிலும் ஒரே பெரிய அடையைத் தொங்கவிடுவது மலைத்தேனீ; சிங்களத்தில் பம்பரா. மூன்றாவது கொட்டத் தெரியாத கொசுத்தேனீ. நொக்ஸ் குறிப்பிடாமல் விட்ட கொம்புத்தேனீ நான்காவது. ஐரோப்பியத் தேனீயை இலங்கை வளர்ப்புக்குக் கொண்டுவரவில்லை. உள்ளூர் இனத்தை நோயிலிருந்து காக்க அது நல்ல முடிவு.

பஞ்சத்துக்கு இடம்பெயர்வதில் மலைத்தேனீக்கு நிகர் இல்லை. மழைக்கும் பூவுக்கும் ஏற்ப மலைநாட்டுக்கும் தாழ்நில வறண்ட வலயத்துக்கும் இடையே முழுக் கூட்டமாகப் பறந்து, இடையில் மரங்களில் தங்கித் தங்கிச் செல்லும். இலங்கையில் இந்தப் பயணத்தை ஆராய்ந்து நிகோலாஸ் கோனிகர், குத்ருன் கோனிகர் இருவரும் 1980இல் கட்டுரை வெளியிட்டனர். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1880-81 காலத்தில், அமெரிக்கரான பிராங்க் பெண்டன் இந்தப் பெரிய தேனீயைப் பெட்டியிலிட்டு மேற்கே கொண்டுபோகும் ஆசையோடு இலங்கைக்கு வந்தார். முயற்சி பலிக்கவில்லை. ஆண்டுதோறும் ஊர் மாறும் பூச்சியைப் பனிநாட்டுப் பெட்டியில் உட்காரவைக்க நினைத்தது வீண் ஆசை.

இந்தியத் தேனீ இவ்வளவு தூரம் அலைவதில்லை. ஆனாலும் அதற்கும் அந்தக் குணத்தில் ஒரு பங்கு உண்டு. வெப்பநாட்டில் ஆண்டின் எந்த மாதத்திலும், சில கட்டை தொலைவில், ஏதாவது பூத்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் அது பெருஞ்சேமிப்பு வைக்காது. தேன் மலிந்த காலத்தில்கூட ஒரு பெட்டியில் எடுக்கக் கிடைப்பது சில கிலோதான்.

பூ நாட்காட்டி

களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் தேனுக்கு முதன்மையான ஆதாரம் இறப்பர் மரம். அதுவும் பூவிலிருந்து அல்ல. தை, மாசியில் இலை உதிர்ந்து மீண்டும் துளிர்க்கும்போது இளம் இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகள் இனிப்பு நீரைக் கசிய விடும். அந்தச் சில வாரங்களில் பெட்டி நிரம்பும். துளிர்க்கும் நேரத்தில் மழை பிடித்தாலோ சாம்பல் நோய் இலையைச் சுருட்டினாலோ அந்த ஆண்டின் தேன் போயிற்று.

சித்திரை, வைகாசியில் மழை தொடங்கியதும் வரத்து குறையும். தென்மேற்குப் பருவக்காற்று புரட்டாசி வரை நீளும். அது ஓயும்போது ஐப்பசி, கார்த்திகையின் இடைப்பருவ மழை வந்துவிடும். ஆக, மேல் மாகாணத்தில் ஆண்டின் பெரும்பகுதி கூட்டத்துக்கு இழுபறிதான். கைகொடுப்பது தென்னை. மாதம் ஒன்று என்ற கணக்கில் பாளை வெடிப்பதால் மகரந்தம் முற்றாக நின்றுபோவதில்லை. தென்னந்தோப்பை ஒட்டி வைத்த பெட்டி பஞ்சத்தைத் தாங்குவதற்கு இதுவே காரணம்.

கொழும்பில் கொட்டும் அதே தென்மேற்கு மழை மலையைத் தாண்டியதும் ஊவாவுக்கு வறண்ட காற்றாகிவிடும். அங்கே யூக்கலிப்டஸ் தேன் தரும். பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவயில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு அமைந்திருப்பது பொருத்தமே. இறப்பர் முடிந்ததும் பெட்டிகளை லொறியில் ஏற்றி ஊவாவுக்குக் கொண்டுபோவது பஞ்சத்துக்கு மிக நேரான தீர்வு. இரண்டு பெட்டி வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு அந்தச் செலவு கட்டாது என்பது வேறு விடயம். இலங்கையின் பருவமழைச் சூழலுக்கென்றே இந்தத் தேனீயின் வளர்ப்பை விளக்கி ஆர். டபிள்யூ. கே. புஞ்சிஹேவா எழுதிய நூலை விவசாயத் திணைக்களம் 1994இல் வெளியிட்டது.

ஓடப்போகும் கூட்டின் அறிகுறிகள்

கூட்டம் திடீரென்று போவதில்லை. போகும் கூட்டத்தின் வாசலில் முதலில் மகரந்தம் சுமந்து வருபவை குறையும். சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் முட்டை இருக்காது. மூடிய புழு அறைகள் மட்டும் ஆங்காங்கே திட்டுத்திட்டாகத் தெரியும். ராணியின் வயிறு சிறுத்து, அவள் அடையில் வேகமாக ஓடுவாள். தேனீக்கள் அடையின் ஓரங்களை விட்டு நடுவில் ஒதுங்கும். வெறுமையான ஓரத்தில் மெழுகு அந்துப்பூச்சியின் புழு வெண்நூல் பின்னத் தொடங்கியிருக்கும். கடைசிக் குஞ்சுகளும் வெளிவந்த பின், மிச்சத் தேனை வயிற்றில் நிரப்பிக்கொண்டு, வெயில் எறிக்கும் ஒரு முற்பகலில் எல்லாம் கிளம்பிவிடும். எறும்போ குளவியோ தொல்லை தந்தால் இத்தனை ஒழுங்கும் கிடையாது, புழுக்களை அப்படியே விட்டுவிட்டுப் போகும்.

புழு இருக்கும்வரை கூட்டம் தயங்கும். ஆகவே முட்டை குறைந்ததைக் கண்டவுடன் வலுவான பெட்டியிலிருந்து இளம்புழு உள்ள சட்டம் ஒன்றை எடுத்துக் கொடுப்பது பலன் தரும். சீனிப்பாகும் சேர்ந்தால் ராணி மீண்டும் முட்டையிடுவாள். வாசலில் ராணித் தடுப்பு போட்டு அவளை மறித்துவைப்போரும் உண்டு. பசியைத் தீர்க்காமல் வாசலை மட்டும் அடைப்பது சில நாளுக்கு மேல் செல்லாது.

பராமரிப்பு

தேன் அறையை எடுத்துவிட்டு, தேனீக்கள் மூடி நிற்கும் அடைகளை மட்டும் கீழறையில் நெருக்கி வைத்து, பக்கத்தில் தடுப்புப் பலகை கொடுக்க வேண்டும். கறுத்த பழைய அடைகளை வெட்டி உருக்கிவிடலாம். இந்தத் தேனீக்குப் பழைய அடை பிடிக்காது, தானே கடித்துக் கொட்டும். கூரை ஒழுகக் கூடாது. பெட்டி சற்று முன்பக்கம் சாய்ந்திருந்தால் சாரல் உள்ளே தேங்காது. தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது எறும்புக்குப் பழைய மருந்து. அடைமழையில் கிண்ணம் நிரம்பி வழியும், கோடையில் வற்றும். இரண்டு நேரமும் எறும்பு ஏறும். வலசை வரும் நீலவால் பஞ்சுருட்டான் பங்குனி, சித்திரை வரை நின்று தேனீ பிடிக்கும். அதற்கு நிழலான இடம் பார்த்து வைப்பதைத் தவிரப் பெரிதாகச் செய்வதற்கில்லை.

உணவுக்கு வெள்ளைச் சீனியும் தண்ணீரும் சரிக்குச் சரி. தமிழ்நாட்டு வழிகாட்டல் வாரத்துக்கு ஒரு பெட்டிக்கு 200 கிராம் சீனி என்கிறது. கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காதபடி ஈர்க்குத் துண்டுகளை மிதக்கவிட்டு, பொழுது சாய்ந்த பின் பெட்டிக்கு உள்ளே வைக்க வேண்டும். பகலில் வெளியே வைத்தால் அயல் கூட்டங்கள் மணம் பிடித்துக் கொள்ளையிட வரும். இரண்டு கூட்டமும் சண்டையில் அழியும். சர்க்கரைக்கட்டியும் கித்துள் பாணியும் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. செவனகல, பெல்வத்தை ஆலைகளின் சிவப்புச் சீனியும் அவ்வளவு நல்லதல்ல.

இங்கேதான் கொழும்பின் புறக்கோட்டை வருகிறது. இலங்கை தின்னும் வெள்ளைச் சீனி பெரும்பாலும் கப்பலில் வருவது. நான்காம் குறுக்குத் தெருவின் மொத்தக் கடைகளில் மூட்டை விலை ஏறினால் கேகாலையில் பெட்டி வைத்திருப்பவரின் சிரட்டை காய்ந்துவிடும். 2021 ஆகஸ்ட் 30இல் அரசாங்கம் சீனி, அரிசி பதுக்கலைக் காரணம் காட்டி அவசரகால ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. மனிதருக்கே சீனி தட்டுப்பாடான அந்த மாதங்கள் தென்மேற்கு மழைப் பஞ்சத்தின் நடுவே விழுந்தவை. தென்னையும் பூச்செடியும் இல்லாத இடத்தில், சீனியை மட்டும் நம்பிப் பத்துப் பெட்டி வைப்பது சரியான கணக்கு அல்ல. தேன் அறை இருக்கும்போது பாகு ஊட்டுவதோ கலப்படமே ஆகும். அதைத் தேன் என்று போத்தலில் அடைத்து விற்பவரும் இல்லாமல் இல்லை.

பிற இடங்களில்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டத்தில் 1920களில் வை.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிவைத்த தேனீ வளர்ப்பு இதே இறப்பரை நம்பியது. அங்கும் கோடையில் தேன், மழைக்காலத்தில் பாகு என்பதே ஒழுங்கு. 1991-92இல் பரவிய தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவின் பெரும்பாலான இந்தியத் தேனீக் கூட்டங்களை அழித்தது. காஷ்மீரில் பனி உண்மையாகவே விழுவதால், வளர்ப்போர் பெட்டிகளை ராஜஸ்தானின் கடுகு வயல்கள் வரை இறக்கிக்கொண்டுபோகிறார்கள்.

நகரில் தங்கும் கூட்டம்

பஞ்சத்தில் கிளம்பிய கூட்டம் புறக்கோட்டையில் கடைக் கதவின் மேலோ, மின்கம்பத்திலோ, வெள்ளவத்தை மாடிவீட்டு யன்னலிலோ கைப்பந்து அளவில் திரண்டு தொங்குவதுண்டு. அடை இல்லாமல் வெறும் தேனீக்களாகத் தொங்கினால் அது வழியில் இளைப்பாறும் கூட்டம். காக்கப் புழுவோ தேனோ இல்லாததால் சீண்டாதவரை பெரும்பாலும் கொட்டாது, ஓரிரு நாளில் தானாகப் போய்விடும். மண்ணெண்ணெய் ஊற்றவோ தீப்பந்தம் பிடிக்கவோ வேண்டாம். உயரமான கட்டடத்தில் பெரிய ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. அதன் கிட்டே போகாமல், சிறுவர்கள் கல்லெறியாமல் பார்த்துக்கொண்டு, பழகியவர்களை அழைப்பதே பாதுகாப்பு.