பாண்டி ஆடினா கணக்கு வருமா? வகுப்பறை விளையாட்டு பற்றி தரவுகள் சொல்வது என்ன?

"ஸ்கூல்ல இன்னைக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்கிறீர்கள். "விளையாடினோம்" என்கிறது ஒன்றாம் வகுப்புக் குழந்தை. உடனே உங்களுக்கு ஒரு கவலை வரும்: அப்போ எப்பதான் படிக்கிறாங்க?

இது நியாயமான கவலைதான். கிராமப்புறக் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட அசர் 2024 கணக்கெடுப்பின்படி, மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 27.1% பேர் மட்டுமே. இந்த நிலையில், ஓடுவதற்கும் குதிப்பதற்கும் பாட நேரத்தைக் கொடுக்கலாமா?

அரசின் கொள்கை என்ன சொல்கிறது?

தேசிய கல்விக் கொள்கை 2020, 3 முதல் 8 வயது வரையிலான காலத்தை 'அடித்தள நிலை' என்று பிரித்து, விளையாட்டு வழிக் கற்றலை அதன் மையமாக வைத்தது. 2021 ஜூலையில் நிபுண் பாரத் திட்டமும், ஒன்றாம் வகுப்புக்கான 3 மாத 'வித்யா பிரவேஷ்' பயிற்சியும் தொடங்கின. 2022 அக்டோபரில் வந்த அடித்தள நிலைக்கான பாடத்திட்டக் கட்டமைப்பு, விளையாட்டை மூன்றாகப் பிரிக்கிறது: குழந்தை தானாக ஆடுவது, ஆசிரியர் வழிகாட்ட ஆடுவது, விதிகளோடு திட்டமிட்டு ஆடுவது.

இது புது யோசனை இல்லை. 1920-லேயே குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேக்கா தொடங்கிய பால மந்திர், விளையாட்டையும் கதையையும் வைத்தே பாடம் நடத்தியது.

ஆய்வுகளில் பலன் தெரிகிறதா?

தெரிகிறது, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை.

நெதர்லாந்தில் 12 பள்ளிகளைச் சேர்ந்த 499 குழந்தைகளிடம் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. அதில் ஒரு பிரிவுக்கு வாரம் 3 முறை, உடலசைவோடு கணக்கும் மொழியும் நடத்தப்பட்டன. 2×4 எவ்வளவு என்று கேட்டால், நின்ற இடத்திலேயே 8 முறை குதிக்க வேண்டும். இறுதியில் இந்தக் குழந்தைகள் கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் மற்றவர்களை விட 4 மாதத்துக்கும் மேலான கற்றல் அளவுக்கு முன்னே இருந்தார்கள். வாசிப்பில் வித்தியாசம் இல்லை.

அதே ஆண்டு டென்மார்க்கில் 165 குழந்தைகளிடம் 6 வாரம் நடந்த ஆய்வு இன்னொரு எச்சரிக்கை தருகிறது. உடல் முழுவதையும் அசைத்துக் கணக்குப் படித்தவர்கள், சிறு பொருட்களைக் கையால் நகர்த்திப் படித்தவர்களை விட நன்றாக முன்னேறினார்கள். ஆனால் ஏற்கெனவே கணக்கில் பின்தங்கியிருந்த குழந்தைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அதாவது, குதித்தால் மட்டும் வாசிப்பு வந்துவிடாது. பின்தங்கிய குழந்தைக்குத் தனிக் கவனமும் வேண்டும்.

அப்போ வகுப்பில் எப்படி ஆடலாம்?

நம்ம ஊர் பாண்டி, டெல்லியில் ஸ்டாபு, தெலுங்கில் தொக்குடு பில்லா. நாடு முழுக்கக் குழந்தைகளுக்குத் தெரிந்த ஆட்டம் இது. சாக்பீஸ் ஒன்று போதும்.

*எண் கோடு:* தரையில் 0 முதல் 10 வரை கட்டம் போடுங்கள். 3+4 என்றால், 3-ல் நின்று 4 முறை குதிக்க வேண்டும். பல குழந்தைகள் நிற்கும் கட்டத்தையே 'ஒண்ணு' என்று எண்ணி, 6-ல் போய் நிற்பார்கள். அந்தத் தவறு நோட்டில் வெறும் தப்பு விடையாகத்தான் தெரியும். தரையில், எங்கே தப்பு நடந்தது என்பதே கண்ணுக்குத் தெரியும். முதல் குதி 4-க்குப் போகணும் என்று அங்கேயே திருத்திவிடலாம்.

*எழுத்துக் கட்டம்:* 'மரம்' என்று சொன்னால் ம, ர, ம் என ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிக்கொண்டே மூன்று கட்டம் தாண்ட வேண்டும். குதித்த பிறகு அதே சொல்லை எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் அது வெறும் உடற்பயிற்சிதான்.

*மாற்றிச் செய்:* 'தலை' என்றால் காலைத் தொட வேண்டும், 'கால்' என்றால் தலையை. சட்டென்று தோன்றுவதை அடக்கி, விதியை நினைவில் வைத்துச் செய்யும் பயிற்சி இது. குழந்தைகளின் சுயகட்டுப்பாட்டை அளக்க ஆய்வாளர்களும் இதே மாதிரியான ஆட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

எங்கே சறுக்கும்?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வகுப்பில் 30 பேர், ஒரே எண் கோடு, ஒருவருக்கு 20 விநாடி. எல்லாரும் ஒரு முறை குதித்து முடிக்க 10 நிமிடம். அதில் ஒரு குழந்தை அசைந்தது 20 விநாடிதான், மற்ற நேரமெல்லாம் வரிசையில் நின்றது. நான்கு கோடு போட்டால் ஒரு சுற்று மூன்று நிமிடத்துக்குள் முடியும்.

குதிக்க முடியாத குழந்தை சரியான கட்டத்தில் கல்லை எறியலாம். பாடம் ஒன்றுதான்.

இடம் இருக்கிறதா?

கல்வி உரிமைச் சட்டம் 2009, ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. அசர் 2024 பார்வையிட்ட கிராமப்புறப் பள்ளிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கில்தான் மைதானம் இருந்தது. எண் கோட்டுக்கு வராண்டா போதும். ஆனால் ஓடுவதற்கு வராண்டா போதாது. 3-4 வயதுக் குழந்தைகளுக்கு நாளுக்கு 180 நிமிடமும், 5 வயதுக்கு மேல் சராசரியாக 60 நிமிடமும் உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பாடத்துக்கான குதியல், இடைவேளை ஆட்டத்துக்கு மாற்று இல்லை. இரண்டும் வேண்டும்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

அடுத்த கூட்டத்தில் "ஏன் விளையாட விடுறீங்க?" என்று கேட்க வேண்டாம். "எந்த விளையாட்டுல எதைக் கத்துக்கிறாங்க? என் குழந்தைக்கு எத்தனை முறை வாய்ப்பு வருது? ஆடி முடிச்சதும் எழுத, வாசிக்க வைக்கிறீங்களா?" என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் ஆசிரியரிடம் பதில் இருந்தால், "விளையாடினோம்" என்று குழந்தை சொல்வதில் பாடமும் இருக்கிறது.