கப்பல் காத்திருக்காது: விமானம் தடைப்படும்போது குடும்பச் சந்திப்பைக் காப்பாற்றுவது எப்படி?

கலேவெலவில் தேநீர் குடிக்க வான் நின்றபோது அதிகாலை நாலரை மணி. அம்மாவும் நானும் கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஏ9 வீதியில் தம்புள்ளை வரை வந்து, அங்கிருந்து ஏ6 வீதியில் குருநாகல் பக்கம் போனால் அரை மணி நேரத்தில் கலேவெல வந்துவிடும். வடக்கிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் வான்கள் பலவும் இந்தப் பக்கத்தில்தான் களைப்பாற நிற்கும்.

பகல் ஒரு மணிக்கு சிங்கப்பூர் விமானம். மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு அங்கிருந்து உல்லாசக் கப்பல். பாரிஸிலிருந்து தம்பியும் ரொறன்ரோவிலிருந்து அக்காவும் வருகிறார்கள். தம்பி 2007இல் நாட்டை விட்டுப் போனவன். அகதி அந்தஸ்தில் இருப்பவன், இங்கே வர முடியாது. அம்மாவுக்கு 71 வயது, கூடுதலாக நடக்க முடியாது. நாலு இரவு ஒரே இடத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து இருந்து கதைக்கலாம் என்பதால்தான் கப்பலைத் தெரிவு செய்தோம்.

பிளேன்டியைக் கையில் வைத்துக்கொண்டு கைத்தொலைபேசியில் விமான நிலையைப் பார்த்தேன். ‘இரத்து’ என்று இருந்தது. அறிவித்தல் முதல்நாள் இரவே போயிருக்கிறது. ஆனால் எனக்கு அல்ல, எங்களுக்கு ரிக்கெற் போட்ட முகவரின் தொலைபேசிக்கு. அவர் நித்திரை. எங்களை வெள்ளி இரவு விமானத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதில் போனால் கப்பல் போய்விடும்.

அடுத்த இரண்டு மணி நேரத்தில் அந்தக் கடையில் இருந்தபடி நாங்கள் செய்ததையும், செய்யத் தவறியதையும் இங்கே எழுதுகிறேன். எங்களைப் போல நாலு நாடுகளில் சிதறிப்போன குடும்பங்கள் மூன்றாவது நாடொன்றில் சந்திப்பது இப்போது வழமையாகிவிட்டது. உங்களுக்கும் உதவக்கூடும்.

கப்பல் ஏன் வேறு?

விமானம் தவறினால் அடுத்த விமானம் உண்டு. கப்பல் அப்படியல்ல. புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே பயணிகளைப் பதிவதைப் பெரும்பாலான கப்பல்கள் நிறுத்திவிடும். அதன் பிறகு வந்தால் கட்டிய காசு பொதுவாகத் திரும்பாது. ஆகவே முதல் விதி: கப்பல் புறப்படும் நாளில் தரையிறங்கும் விமானத்தை எடுக்காதீர்கள். குறைந்தது ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். ஒரு இரவு ஹோட்டல் செலவு வீண் என்று முகவர் சொன்னார். தம்பிதான் பிடிவாதமாக நின்றான். எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு நாள்தான்.

மழைக்காலமென்றால் இரண்டு நாள் வையுங்கள். 2023 டிசம்பர் 4ஆம் திகதி மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலைய ஓடுபாதையில் வெள்ளம் நின்றது, மறுநாள் காலை வரை விமானங்கள் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மாத்தளை மாவட்டம் உட்பட மலையகத்தில் மண்சரிவுகளும் வெள்ளமும் வீதிகளை மறித்தன. வடக்கிலிருந்து போகும் எங்களுக்கு விமானம் மட்டுமல்ல, விமான நிலையம் வரையான வீதியும் பயணத்தின் ஒரு பகுதி.

இரத்து என்று தெரிந்தவுடன்

முகவர் எழும்பும் வரை காத்திருக்கவில்லை. விமான நிறுவனத்தின் தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்தேன். கடைக்கார நானா பற்றரி சார்ஜ் பண்ண இடம் தந்தார், அம்மாவைச் சாய்ந்து இருக்க வாங்கு ஒன்றை இழுத்துப் போட்டார். நாற்பது நிமிடம் காத்திருந்த பின் ஒருவர் கதைத்தார். அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: “வெள்ளிக்கிழமை பகல் 12 மணிக்கு முன்னர் சிங்கப்பூரில் நிற்க வேண்டும். உங்களுடைய அல்லது உங்கள் கூட்டு நிறுவனத்தின் எந்த விமானத்தில் இடம் இருக்கிறது?”

இப்படிக் கேட்பது முக்கியம். ‘என்ன செய்யலாம்’ என்று கேட்டால் தங்களுக்கு வசதியானதைத்தான் சொல்வார்கள். நீங்கள் எப்போது, எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். மாற்று விமானங்களை முன்கூட்டியே தேடி, இலக்கத்துடன் கையில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. எங்களுக்குக் கிடைத்தது அன்றிரவு கோலாலம்பூர் வழியாகப் போய், வெள்ளி காலை 9 மணிக்குச் சேரும் விமானம்.

ஒன்றைக் கவனியுங்கள். ரிக்கெற் மாறும்போது சக்கர நாற்காலிக் கோரிக்கை புதிய விமானத்துக்குத் தானாகப் போகாமல் விடலாம். அதைத் திரும்பவும் பதியச் சொல்லுங்கள். நான் மறந்துவிட்டேன். கோலாலம்பூரில் அம்மா அரை மணி நேரம் விமானக் கதவடியில் காத்திருந்தார்.

பலவீனமான கடவுச்சீட்டை வைத்துத் திட்டமிடுங்கள்

எங்கள் பயணத்தில் நான் கற்ற பெரிய பாடம் இதுதான். அக்காவின் விமானமும் தாமதமாகி, இடையில் மாறவேண்டிய விமானம் தவறிவிட்டது. வெள்ளி இரவுதான் அவர் சிங்கப்பூர் வரமுடியும். அவர் கப்பல் நிறுவனத்தோடு கதைத்து அனுமதி பெற்று, நேரே கோலாலம்பூருக்குப் பறந்து, சனிக்கிழமை கிள்ளான் துறைமுகத்தில் ஏறினார். கனடியக் கடவுச்சீட்டுக்கு மலேசிய வீசா தேவையில்லை. டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியது மட்டும்தான்.

அம்மாவுக்கு அது நடந்திருக்காது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு சிங்கப்பூர் செல்ல வீசா வேண்டாம். மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இலவசமாக நிரப்பினால் போதும். ஆனால் மலேசியாவுக்கு மின்வீசா முன்பே எடுத்திருக்க வேண்டும். அம்மாவிடம் இருந்தது ஒருமுறை நுழையும் வீசா. கோலாலம்பூரில் தனித்தனி ரிக்கெற்றில் விமானம் மாறியிருந்தால், பொதியை எடுக்க நாட்டுக்குள் நுழைய வேண்டி வந்திருக்கலாம். நுழைந்தால் வீசா முடிந்தது. பிறகு கப்பல் மலேசியத் துறைமுகம் போகும்போது சிக்கல். ஒரே ரிக்கெற்றாக இருந்ததால் உள்ளேயே மாறினோம்.

தம்பியின் நிலை இன்னும் கடினம். அகதிப் பயண ஆவணம் பொதுவாகச் சொந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாது. மற்ற நாடுகள் அதை ஏற்கின்றனவா என்பதை ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். கப்பல் இலங்கைத் துறைமுகம் எதையும் தொடுகிறதா என்றும் பாருங்கள். 2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த ‘எம்பிரஸ்’ கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்றுக்கும் வந்தது. ஊர் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அகதி ஆவணத்தோடு வருபவருக்கு அந்தப் பாதை ஆகாது.

ஆகவே நாளையும் துறைமுகத்தையும் தெரிவு செய்யும்போது, குடும்பத்தில் யாருடைய ஆவணம் பலவீனமானதோ அவரை முன்வைத்துத் தெரிவு செய்யுங்கள். மற்றவர்கள் எப்படியும் வந்து சேர்வார்கள்.

யாரிடம் என்ன கேட்கலாம்?

ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றிலிருந்து புறப்படும் எந்த விமானமும், ஐரோப்பிய நிறுவனமொன்றில் அங்கே போகும் விமானமும் 261/2004 விதிக்கு உட்பட்டவை. 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம் 14 நாட்களுக்குள் அறிவித்து இரத்தானால், 600 யூரோ வரை நட்டஈடு கேட்கலாம். சுவிற்சர்லாந்திலும் இதே விதி. பிரித்தானியாவில் 520 பவுண். கனடாவில் பெரிய நிறுவனத்தின் தவறால் 9 மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் 1,000 டொலர். ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். புயல் போன்றவற்றுக்கு இந்தப் பணம் கிடைக்காது. ஆனால் ஐரோப்பிய விதியின்படி சாப்பாடும் தங்குமிடமும் அப்போதும் தரவேண்டும்.

கட்டுநாயக்கவிலிருந்து ஆசிய நிறுவனமொன்றில் போகும் எங்களுக்கு இப்படி நிலையான தொகை இல்லை. பற்றுச்சீட்டுகளோடு விமான நிறுவனத்துக்கு எழுத வேண்டியதுதான். 1999 மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் வழக்கென்றால் இரண்டு வருட எல்லை. பொதி தாமதமானால் அது கைக்கு வந்து 21 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். கப்பல் கட்டணத்தைக் காக்கக்கூடியது பயணக் காப்புறுதி மட்டுமே. ‘இணைப்பு தவறுதல்’ அதில் அடங்குகிறதா என்று பார்த்து, ரிக்கெற் எடுக்கும்போதே வாங்குங்கள். புயல் பெயர் செய்தியில் வந்த பின் வாங்கிப் பயனில்லை. இரத்துக்கான காரணத்தை விமான நிறுவனத்திடம் கடிதமாகக் கேட்டு எடுங்கள்.

புறப்படுமுன் செய்யவேண்டியவை

• ரிக்கெற்றில் முகவரின் இலக்கத்தோடு உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் பதியச் சொல்லுங்கள்.
• வீட்டை விட்டு வெளிக்கிட முன்பும் வழியிலும் விமான நிலையை நீங்களே பாருங்கள்.
• எல்லா விமானங்களும் ஒரே முன்பதிவில் இருக்கட்டும்.
• கப்பல் நிறுவனத்தின் அவசர இலக்கத்தையும் துறைமுக முகவரின் இலக்கத்தையும் தாளில் எழுதி வையுங்கள்.
• எந்த முனையம் என்று உறுதிப்படுத்துங்கள். சிங்கப்பூரில் மரினா பேயிலும் ஹார்பர்ஃபிரன்டிலும் இரண்டு முனையங்கள் உண்டு.
• மருந்து, கண்ணாடி, வீசாப் பிரதிகள், ஒரு நாள் உடுப்பு ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.
• ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் ஏறுவதா இல்லையா என்பதை முன்பே பேசி முடிவெடுங்கள். துறைமுகத்தில் நின்று எடுக்கும் முடிவல்ல அது.

அந்த அதிகாலையில் நான் பதறிக்கொண்டு நின்றபோது அம்மா பதறவில்லை. 1998 செப்டம்பர் 29இல் பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் வீழ்த்தப்பட்டதும், 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்டதும் அவருக்கு நினைவிருக்கிறது. 2007இல் தம்பியைக் கொழும்புக்குக் கொண்டுவர, காங்கேசன்துறையில் நாள் கணக்காகக் காத்திருந்து திருகோணமலைக்குக் கப்பல் ஏறியவர் அவர். அங்கிருந்து கொழும்புக்கு வந்ததும் இதே ஏ6 வீதியால்தான்.

“இதாலதான் அவனைக் கொண்டு போய் விட்டனான். இதாலதான் பாக்கவும் போறன். ஆறுதலா ரீயைக் குடி பிள்ளை,” என்றார்.

வெள்ளி காலை சாங்கி விமான நிலையத்தில் தம்பி நின்றான். அம்மா அவன் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “சாப்பிட்டியா?”

திரும்பி வரும்போது கலேவெலவில் வானை நிறுத்தச் சொன்னேன். நானா எங்களை மறக்கவில்லை. “கப்பல் கிடைச்சதா அம்மா?” என்று கேட்டார். அம்மா கைத்தொலைபேசியில் இருந்த படத்தைக் காட்டினார்.