எண்ணுக்குள் ஒரு வாழ்த்து

மணிக்கட்டில் அணியும் ஸ்மார்ட் கடிகாரத்தில் "வந்துகொண்டிருக்கிறேன்", "பிறகு பேசுகிறேன்" என மறுமொழிகள் ஆயத்தமாய் நிற்பதை மாணவர்கள் அறிவீர்கள். இவ்வழக்கம் புதிதன்று. 1859ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனி, எண்களுக்குத் தொடர்களைக் குறித்து 92 வரை ஒரு பட்டியல் வகுத்தது. 73 என்றால் வாழ்த்து. 30 என்றால் செய்தி முடிந்தது. அந்த 73 அமெச்சூர் வானொலியாரிடம் இன்றும் வழங்குகிறது.

நம் நாட்டு வாழ்த்துத் தந்தியும் இம்முறையினதே. தந்தி அலுவலகப் பட்டியலைப் பார்த்து எண்ணைக் குறித்தால் போதும். கம்பியில் எண் செல்லும். சேருமிடத்தில் அது முழு வாக்கியமாய் விரியும். செலவும் குறைவு. ஆனால், வாக்கியம் இலாகாவினுடையது. என் திருமணத்திற்கு வந்த தந்திகளில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தையே தாங்கிவந்தன! பெயரை மறைத்துவிட்டால் தாய்மாமன் எவர், பழைய மாணவன் எவன் என்று அறிய வழியில்லை.

2013ஆம் ஆண்டு ஜூலையில் இந்தியத் தந்திச் சேவை நின்றது. 2015இல் வெளிவந்த ஆப்பிள் கடிகாரத்திலோ பட்டியலைத் திருத்தும் உரிமை அணிபவருக்கே உண்டு. இணைந்த கைப்பேசியில் வேண்டிய தொடரை எழுதிக்கொள்ளலாம். என் மகள் எழுதிவைத்திருப்பது: "சரி அப்பா, மருந்தை மறந்துவிடாதீர்கள்." ஒரு தொடுதலில் வருவதுதான் அது. எனினும், வந்ததும் எழுந்து மாத்திரையைத் தேடுகிறேன்.