“சாதாரணமா” எங்கே குடியிருக்கீங்க?

ரொம்ப நாளா பாதி எழுதி வச்சிருந்த பதிவு. தலைப்பைப் பார்த்துட்டு வாடகை வீட்டுக் கதைன்னு நினைச்சுடாதீங்க. இங்கிலாந்துல ஒரு மாணவன் படிப்புச் செலவுக்கு அரசாங்கத்துக்கிட்ட பணம் கேட்டா, அறுபது வருஷத்துக்கு மேலா அவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வி இதுதான். நீ “சாதாரணமாக வசிப்பவனா”? ஆங்கிலத்துல ‘ஆர்டினரிலி ரெசிடெண்ட்’. இந்த ரெண்டே வார்த்தைக்காக அந்நாட்டு உச்ச நீதிபதிகள் எல்லாம் மண்டையை உடைச்சுக்கிட்டிருக்காங்க.

எனக்கு இது தெரியவந்தது 2019ல. எங்க வீட்டுக்கு மேல்மாடியில இருந்த குடும்பம் மதுரைப் பக்கம். அப்பாவோட வேலை விசாவுல 2014 அக்டோபர்ல லண்டன் வந்தவங்க. பொண்ணு அப்ப ஏழாங்கிளாஸ் வயசு. நல்லாப் படிச்சு, பல்கலைக்கழகத்துல இடமும் கிடைச்சாச்சு. ஒரு ராத்திரி அவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு வந்தார். “அண்ணே, இந்த ஃபாரத்துல ஏதோ தப்பு விழுந்துடுச்சு போல. இவ கடன் வாங்கத் தகுதி இல்லைன்னு வருது, கொஞ்சம் பாருங்க”ன்னார். ஃபாரத்துல தப்பே இல்லை. அதை அவருக்குப் புரிய வைக்கத்தான் இந்தக் கதையை எல்லாம் தேடிப் படிச்சேன்.

பழைய கதையில இருந்து வருவோம். அந்தக் காலத்துல உதவித்தொகை கொடுக்கிறதும் கொடுக்காததும் அந்தந்த ஊர் கவுன்சிலோட இஷ்டம். ஒரு ஊர்க்காரப் பையனுக்குக் கிடைக்கும், அதே மார்க் வாங்கின பக்கத்து ஊர்ப் பையனுக்குக் கிடைக்காது. இதைப் பார்த்துட்டுத்தான் ஆண்டர்சன் கமிட்டி 1960ல அறிக்கை கொடுத்தது. 1962 கல்விச் சட்டம் வந்தப்புறம், முதல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைச்ச மாணவனுக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டியது கவுன்சிலோட கடமைன்னு ஆச்சு. பெற்றோர் வருமானத்தைப் பார்த்துத் தொகை கூடும், குறையும். ஆனா திருப்பிக் கட்ட வேண்டாம். கடன் இல்லை, மானியம். (இப்ப நினைச்சா கனவு மாதிரி இருக்கு, இல்ல?)

யாருக்கு இந்தக் கடமை? கவுன்சில் எல்லைக்குள்ள “சாதாரணமாக வசிக்கிற” மாணவர்களுக்கு. கூடவே, படிப்பு தொடங்குறதுக்கு முந்தின மூணு வருஷமும் நாட்டுக்குள்ள சாதாரணமா வசிச்சிருக்கணும்னு ஒரு விதி. அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னன்னு சட்டத்துல எங்கேயும் எழுதலை. எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தைதானேன்னு விட்டுட்டாங்க போல.

இதுக்கு நடுவுல 1967ல வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனிக் கட்டணம் வந்தது. உள்ளூர்ப் பையனுக்கு 70 பவுண்டுன்னா வெளிநாட்டுப் பையனுக்கு 250. 1980ல தாட்சர் ஆட்சி முழுச் செலவையும் வெளிநாட்டு மாணவர் தலையில வச்சது. உள்ளே, வெளியேன்னு ஒரு கோடு போட்டாச்சு. கோடு போட்டா, கோட்டு மேல நிக்கிறவங்க சில பேர் இருப்பாங்கல்ல?

அப்படி நின்னவங்க அஞ்சு பேர். பார்னெட் கவுன்சில்ல நிலீஷ் ஷா உட்பட மூணு பேர், பிரெண்ட்ல ஒருத்தர், ஷ்ராப்ஷைர்ல ஒருத்தர். படிப்பு அனுமதியில நாட்டுக்குள்ள இருந்தவங்க. மூணு வருஷக் கணக்கும் தாண்டிடுச்சு. ஆனா கவுன்சில்கள், ‘நீங்க படிக்க வந்தவங்க, படிச்சு முடிச்சா போயிடுவீங்க, இங்கே வசிக்கிறதா எப்படிச் சொல்றது?’ன்னு கைவிரிச்சுட்டாங்க. மேல்முறையீட்டு நீதிமன்றத்துல புகழ்பெற்ற டென்னிங் பிரபுவோட அமர்வும் அதே கட்சிதான். மாணவர்கள் தோத்தாங்க.

வழக்கு பிரபுக்கள் சபைக்குப் போச்சு. 1982 டிசம்பர்ல ஸ்கார்மன் பிரபு தீர்ப்பு சொன்னார். அவர் எதை ஆதாரமா எடுத்தார்னு பாருங்க, சுவாரசியமே அங்கேதான் இருக்கு. 1928ல வந்த ரெண்டு வருமான வரி வழக்கு!

அதுல ஒருத்தர் லெவீன். வீட்டைக் காலி பண்ணிட்டு, வருஷத்துல பாதிக்கு மேல வெளிநாட்டுலயும் மிச்ச மாசங்கள் இங்கிலாந்து ஓட்டல்கள்லயுமா சுத்திக்கிட்டிருந்த பணக்காரர். இன்னொருத்தர் லைசாட். அயர்லாந்துல குடியிருந்துக்கிட்டு, கம்பெனிக் கூட்டத்துக்கு மாசம் ஒரு தடவை வந்து ஒரு வாரம் போல ஓட்டல்ல தங்கிட்டுப் போவார். ரெண்டு பேரும் ‘நான் இங்கே சாதாரணமா வசிக்கலை, வரி கட்ட மாட்டேன்’னாங்க. வரித்துறை விடலை. நீங்க வந்து போறது உங்க வாழ்க்கையோட வழக்கமாவே ஆகிடுச்சு, அதனால நீங்க சாதாரணமா வசிக்கிறவங்கதான், எடுங்க பணத்தைன்னு அன்னைக்குப் பிரபுக்கள் சபை சொல்லிடுச்சு.

ஸ்கார்மன் அதையே எடுத்தார். தானா விரும்பி வந்து, ஒரு நிலையான காரணத்துக்காக, தன் அன்றாட வாழ்க்கையா ஒரு இடத்துல இருந்தா, அது கொஞ்ச காலமோ ரொம்ப காலமோ, அவன் அங்கே சாதாரணமா வசிக்கிறான்னுதான் அர்த்தம். படிப்பும் ஒரு நிலையான காரணம்தான். ‘உன் உண்மையான வீடு எது, கடைசி வரைக்கும் இங்கேயே இருப்பியா?’ன்னு எல்லாம் கவுன்சில் கேட்கத் தேவையில்லைன்னார். மாசம் ஒரு வாரம் ஓட்டல்ல தங்கினவர்கிட்ட வரி வாங்க ‘வசிக்கிறாய்’னு சொன்ன அரசாங்கம், மூணு வருஷமா அங்கேயே சாப்பிட்டுத் தூங்கின பையனுக்கு உதவித்தொகை கொடுக்கும்போது மட்டும் ‘நீ வசிக்கலை’ன்னு சொல்லலாமா? இந்த வாக்கியம் என்னோடது, அவரோடது இல்லை. ஆனா அந்தத் தீர்ப்பைப் படிச்சப்ப எனக்கு இதுதான் தோணுச்சு.

மாணவர்கள் ஜெயிச்சாங்க. ஆனா தீர்ப்புல ஒரு கதவை ஸ்கார்மனே சாத்திட்டார். குடிவரவுச் சட்டத்தை மீறித் தங்கியிருந்தா அந்தக் காலம் கணக்குல சேராது. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

அந்த வெற்றி எத்தனை நாள் நிலைச்சதுன்னு கேட்கறீங்களா? 1983லயே அரசாங்கம் விதியைத் திருத்திடுச்சு. முழுக்கவோ பெரும்பாலுமோ படிப்புக்காகவே தங்கியிருந்த காலத்தை அந்த மூணு வருஷக் கணக்குல சேர்க்கக் கூடாது. அவ்வளவுதான். நீதிபதி ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொன்னா, அரசாங்கம் பக்கத்துல இன்னொரு வாக்கியம் எழுதும். தப்புன்னு சொல்ல வரலை. பணம் கொடுக்கிறவன் எல்லை வகுக்கத்தான் செய்வான். ஆனா அந்த வாக்கியம் நாற்பது வருஷத்துக்கு மேலா விண்ணப்பம் போடுற பிள்ளைங்களைக் கலங்கடிச்சுக்கிட்டு இருக்கு. நம்ம ஊர்ல இருந்து பிள்ளையை முதல்ல படிக்க அனுப்பிட்டு, பிறகு பெற்றோர் போய்ச் சேர்ந்த குடும்பங்களைக் கேட்டுப் பாருங்க.

அப்புறம் நடந்ததை வேகமாச் சொல்லிடறேன். 1990ல மாணவர் கடன் வந்தது. 1998ல வருஷம் 1,000 பவுண்டு கட்டணம். 2006ல அது 3,000 வரைக்கும். 2012ல 9,000. 2025ல 9,535. இங்கிலாந்துல 2016ல இருந்து ஏழை மாணவர்களுக்கான பராமரிப்பு மானியமும் போய், அதுவும் கடனாச்சு. ஸ்காட்லாந்து கணக்கு வேற, அதை இழுத்தா பதிவு முடியாது. விஷயம் என்னன்னா, இலவசமா இருந்தப்ப தகுதி இல்லாதவனுக்கு இழப்பு உதவித்தொகை மட்டும்தான். இப்ப கடன் கிடைக்கலைன்னா காலேஜ் வாசலே மிதிக்க முடியாது. தகுதி விதி அதே மாதிரி ரெண்டு வரிதான், அதோட கனம்தான் கூடிப்போச்சு.

அந்த விதியும் சும்மா இருக்கலை. மூணு வருஷம் வசிச்சா மட்டும் போதாது, படிப்பு வருஷத்தோட முதல் நாளன்னைக்கு குடியேற்றக் கட்டுப்பாடு எதுவும் இல்லாம ‘நிலைபெற்றவரா’ இருக்கணும்னு சேர்த்தாங்க. ஈழத்துல இருந்து வந்த பலருக்கு அகதி அந்தஸ்து கொடுக்காம ‘விதிவிலக்கான அனுமதி’ மட்டும் கொடுத்து வச்சிருந்த காலம் ஒண்ணு இருந்தது. அந்தப் பிள்ளைங்களுக்கு ‘அகதி’ங்கற வார்த்தைக்கும் ‘அனுமதி’ங்கற வார்த்தைக்கும் உள்ள தூரம் என்னன்னு இந்த மாதிரி ஃபாரத்துலதான் தெரியும்.

டேனி பிடார்னு ஒரு பிரெஞ்சுப் பையன். 1998ல சிகிச்சைக்கு வந்த அம்மாவோட வந்தவன், பாட்டி வீட்டுல வளர்ந்து, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல பொருளாதாரம் சேர்ந்தான். பராமரிப்புக் கடன் கேட்டா ‘நீ நிலைபெறலை’ன்னுட்டாங்க. வேடிக்கை என்னன்னா, ஐரோப்பிய நாட்டு மாணவனா இருக்கிற வரைக்கும் அவனால சட்டப்படி நிலைபெறவே முடியாது. 2005 மார்ச்ல ஐரோப்பிய நீதிமன்றம் இது சரியில்லைன்னு சொல்லிடுச்சு. பிரெக்சிட்டுக்கு அப்புறம் அந்தக் கதையும் முடிஞ்சது.

கடைசியா பியூரிஷ் டிகெரே. ஜாம்பியாவுல பிறந்து, 2001ல ஆறு வயசுல இங்கிலாந்து வந்த பொண்ணு. அப்பாவோட மாணவர் விசாவுல வந்த குடும்பம். அப்பா 2003ல திரும்பிப் போயிட்டார். அம்மாவும் பொண்ணும் விசா முடிஞ்சும் தங்கிட்டாங்க. இவளுக்கு ஒண்ணும் தெரியாது. பள்ளியில மாணவர் தலைவி, ஏ லெவலும் முடிச்சவ. 2012ல தற்காலிக அனுமதி கிடைச்சது. அந்த வருஷத்துல இருந்துதான் இங்கிலாந்துல அப்படிப்பட்ட அனுமதி வச்சிருந்தவங்களைக் கடனுக்குத் தகுதி இல்லாதவங்கன்னு ஆக்கியிருந்தாங்க. 2018 வரைக்கும் அவளால நிரந்தர உரிமை கேட்க முடியாது. கூடப் படிச்ச தோழிகள் எல்லாம் காலேஜ் போக, இவ மட்டும் நின்னா.

கேஸ் போட்டா. 2014ல உயர் நீதிமன்றத்துல ஜெயிச்சு, மேல்முறையீட்டுல தோத்து, 2015 ஜூலை 29 அன்னைக்கு உச்ச நீதிமன்றத்துல மூணுக்கு ரெண்டுன்னு ஜெயிச்சா. ஹேல் அம்மையார், கெர், ஹியூஸ் மூணு பேரும் ‘நிலைபெற்றவர்’ விதி இவ மாதிரிப் பிள்ளைங்க விஷயத்துல பாரபட்சம்னாங்க. சம்ப்ஷனும் ரீடும், எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும், அதை அரசாங்கம்தான் போடணும்னாங்க. அந்த வாதத்தையும் என்னால சுலபமா ஒதுக்க முடியலை. ஆனா சட்டப்படி மூணு வருஷம் வசிச்சிருக்கணும்ங்கற விதி செல்லும்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஸ்கார்மன் சாத்தின அதே கதவுதான்.

தீர்ப்புக்கு அப்புறம், 2016ல புது விதி. 18 வயசுக்குக் கீழேன்னா ஏழு வருஷம் இங்கே வாழ்ந்திருக்கணும். 18க்கு மேலன்னா ஆயுசுல பாதி, இல்லைன்னா இருபது வருஷம். ஆயுசுல பாதி! கல்யாணத் தரகர் கூட இப்படி ஒரு கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை :-)

இப்ப மேல்மாடிப் பொண்ணுக்கு வருவோம். 2014 அக்டோபர்ல வந்தவ. 2019 செப்டம்பர் ஒண்ணாம் தேதியன்னைக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு மாசம் சொச்சம் குறைவு. வேலை விசாவுல வந்தவங்க நிரந்தர உரிமை வாங்க அப்ப அஞ்சு வருஷம் ஆகணும். அதனால நிலைபெற்றவ இல்லை. வயசு 18, ஆயுசுல பாதி ஒன்பது வருஷம், அதுவும் இல்லை. அப்பா அஞ்சு வருஷமா வரி கட்டினதைக் கேட்க அந்த ஃபாரத்துல கட்டமே இல்லை. கடனும் கிடையாது, கட்டணமும் வெளிநாட்டுக் கட்டணம், ரெண்டு மடங்கு.

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டு, “ஒரு மாசம்தானேண்ணே? எழுதிக் கேட்டா விட மாட்டாங்களா?”ன்னார். பொண்ணுதான், “அப்பா, அது நாள் கணக்குப்பா, யாரும் விட முடியாது”ன்னு சொல்லிட்டு என்கிட்ட திரும்பி, “அங்கிள், ஒரு வருஷம் தள்ளிப் போடறேன்னு சொன்னா இடத்தை வச்சிருப்பாங்களா?”ன்னு கேட்டா.

வச்சிருந்தாங்க. அந்த ஒரு வருஷம் தெருமுனை மருந்துக்கடையில வேலை பார்த்தா. வருஷக் கடைசியிலயே குடும்பத்துக்கு நிரந்தர உரிமை வந்துடுச்சு. 2020 செப்டம்பர்ல சேர்ந்தா, கடனும் கிடைச்சது. கொரோனா புண்ணியத்துல முதல் வருஷம் பூரா மேல்மாடியில இருந்துதான் படிச்சா. பல்கலைக்கழகத்துல பேர் இருக்கு, ஆனா சாதாரணமா வசிக்கிறது இங்கேதான்னு அவங்க அப்பா அப்பப்ப சொல்லிச் சிரிப்பார்.