ஈஸ்ட்ரோஜன்: யாருக்கு மருந்து, யாருக்குத் தண்டனை?

"எல்லாம் ஹார்மோன் பண்ற வேலை" என்று ரொம்ப சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். முகப்பரு வந்தாலும் ஹார்மோன், கோபம் வந்தாலும் ஹார்மோன். ஒருவர் நாம் எதிர்பார்த்தபடி ஆணாகவோ பெண்ணாகவோ இல்லாவிட்டாலும் ஹார்மோன். இப்படிச் சொல்லும்போதெல்லாம், உடலுக்குள் ஆணுக்கு ஒரு ரசம், பெண்ணுக்கு ஒரு ரசம் என்று தனித்தனியாக ஓடுவதுபோல ஒரு படம் நம் மனதில் இருக்கிறது. அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பகுதியை இங்கே எழுதிவைக்கிறேன்.

'ஹார்மோன்' என்ற சொல்லே 1905இல்தான் புழக்கத்துக்கு வந்தது. லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற உடலியல் அறிஞர் தன் சொற்பொழிவில் அதைப் பயன்படுத்தினார். விதைப்பையிலிருந்து வருவது ஆண் ஹார்மோன், சூலகத்திலிருந்து வருவது பெண் ஹார்மோன், ரெண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று ஆரம்பகால ஆராய்ச்சியாளர்கள் நம்பினார்கள். கவனிக்க வேண்டிய விஷயம், அப்போது இந்த இரண்டில் ஒன்றைக்கூட யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. பொருள் கைக்கு வருவதற்கு முன்பே பெயர் வைத்தாகிவிட்டது.

பிரித்தெடுக்க ஆரம்பித்ததும் சிக்கல் வந்தது. 1934இல் பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற விஞ்ஞானி பொலிகுதிரையின் சிறுநீரைச் சோதித்தார். ஆண்மைக்கே உதாரணமாகச் சொல்லப்படும் விலங்கு. அதன் சிறுநீரில் 'பெண்' ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஏராளமாக இருந்தது. அதற்கு முன்பே மனித ஆண்களின் சிறுநீரிலும் அது இருப்பதைக் கண்டிருந்தார்கள். பிற்பாடு இன்னொன்றும் தெரியவந்தது: நம் உடல் ஈஸ்ட்ரோஜனைச் செய்வதே டெஸ்டோஸ்டிரோன் போன்ற 'ஆண்' ஹார்மோன்களிலிருந்துதான். ஆணோ பெண்ணோ, எல்லா உடலிலும் இரண்டும் உண்டு. அளவுதான் வேறு.

சரி, அப்போதாவது பெயரை மாற்றியிருக்கலாம் இல்லையா? மாற்றவில்லை. அதற்குள் ஹார்மோன் ஒரு சரக்காகிவிட்டது. நெதர்லாந்தில் ஆர்கனான், ஜெர்மனியில் ஷெரிங், சுவிட்சர்லாந்தில் சிபா ஆகிய கம்பெனிகள் ஆய்வுக்கூடங்களோடு கைகோத்திருந்தன. பெண்களுக்கு ஏற்கெனவே மகப்பேறு மருத்துவம் என்ற தனித்துறை இருந்தது. கிளினிக் இருந்தது, டாக்டர் இருந்தார், வரிசையில் நோயாளிகள் இருந்தார்கள். ஆண்களுக்கு அப்படி ஒரு துறை இல்லை. அதனால் ஹார்மோன் மருந்துகள் முதலில் பெரிய அளவில் போய்ச் சேர்ந்தது பெண்களின் உடலுக்குள்.

இந்தக் கதையில் நான் குறிப்பாகப் பின்தொடர்ந்தது ஒரே ஒரு மருந்தை: டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டி.இ.எஸ். 1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் உருவாக்கிய செயற்கை ஈஸ்ட்ரோஜன். அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி என்பதால் காப்புரிமை வாங்கவில்லை. செய்ய மலிவு, மாத்திரையாக விழுங்கலாம். யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்பதால் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 200 கம்பெனிகள் இதைத் தயாரித்தன.

இத்தனை கம்பெனிகள் ஒரே பொருளைச் செய்தால் என்ன ஆகும்? பொருள் கையில் இருக்கிறது, அதற்கேற்ற நோயைத் தேட வேண்டும். 1941இல் மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொந்தரவுகளுக்கும், தாய்ப்பாலை நிறுத்தவும் அனுமதி கிடைத்தது. 1947இல் கருச்சிதைவைத் தடுக்க என்று கர்ப்பிணிகளுக்கும் அனுமதி. நல்ல உயரமாக வளரும் சிறுமிகளுக்கு வளர்ச்சியை நிறுத்தவும் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள். காரணம் என்ன தெரியுமா? ரொம்ப உயரமான பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம்! 1954இல் மாட்டுத் தீவனத்தில் கலக்கவும் அனுமதி வந்தது, மாடு சீக்கிரம் எடை போடும் என்று. புராஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களுக்கும் இதே மருந்துதான். அங்கே அது நிஜமாகவே பலன் தந்தது. அந்த வழியைக் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸ் 1966இல் நோபல் பரிசு வாங்கினார்.

கர்ப்பிணிகளுக்கு அது பலன் தந்ததா என்றால், இல்லை. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சுமார் 1600 கர்ப்பிணிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். கருச்சிதைவு குறையவில்லை. ஆனா விற்பனை நிற்கவில்லை. 1957இல்கூட, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம், குழந்தை கொழுகொழுவென்று பிறக்கும் என்று டாக்டர்களின் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. "நல்ல தாய்" குழந்தைக்காக இதையும் செய்வாள் என்ற எண்ணம்தான் அந்த விளம்பரத்தின் மூலதனம். பல பெண்களுக்குத் தாங்கள் விழுங்கியது என்னவென்றே தெரியாது. வைட்டமின் என்று நினைத்துச் சாப்பிட்டவர்களும் உண்டு.

இதே ஆண்டுகளில் நடந்த இன்னொன்றைப் பார்ப்போம். ஓரினச்சேர்க்கை ஹார்மோன் குறைபாடு என்று எண்ணி, 1940களில் சில டாக்டர்கள் ஓரினச்சேர்க்கை ஆண்களுக்கு 'ஆண்' ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார்கள். இச்சை கூடியதே தவிர, அது யார்மேல் என்பது மாறவில்லை. பிறகு எதிர்ப்பக்கம் போனார்கள். ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் இச்சையே அடங்கிவிடும் என்று 1949இல் பிரிஸ்டலிலிருந்து ஒரு ஆய்வு வெளிவந்தது. மூன்று வருடம் கழித்து, 1952இல், கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் இன்னொரு ஆணுடன் உறவு வைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். ஜெயிலா, இல்லை ஒரு வருடம் ஈஸ்ட்ரோஜன் சிகிச்சையா என்று வந்தபோது அவர் சிகிச்சைக்குச் சம்மதித்தார். அதைச் சம்மதம் என்று சொல்லலாமா? அவருக்கு மார்பு வளர்ந்தது. 1954 ஜூனில் இறந்தார். அப்போது வயது 41.

அதே 1952. டிசம்பர் 1ஆம் தேதி நியூயார்க் டெய்லி நியூஸ் பத்திரிகையின் முதல் பக்கத்தில் கிறிஸ்டின் ஜார்கன்சன் பற்றிய செய்தி. அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், டென்மார்க் போய் ஈஸ்ட்ரோஜனும் அறுவைச் சிகிச்சையும் பெற்றுப் பெண்ணாக வாழத் தொடங்கியவர். டென்மார்க் போவதற்கு முன்பே ஒரு மருந்துக்கடையில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வாங்கித் தானே சாப்பிட ஆரம்பித்திருந்தார். டூரிங்கின் உடலை அவமானப்படுத்திய அதே மாற்றங்கள் ஜார்கன்சனுக்கு விடுதலையாக இருந்தன. வேதிப்பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒருவர் கேட்டு வாங்கினார், இன்னொருவர்மேல் அரசு திணித்தது.

இதை வைத்து ஹார்மோன் சிகிச்சையே முதலாளித்துவச் சதி என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்லும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. பெரும்பாலும் அவை கடைசியில் திருநங்கைகளின் கையிலிருக்கும் மருந்தைத்தான் குறிவைக்கின்றன. கர்ப்பிணிக்கு உண்மையை மறைத்துக் கொடுத்ததும், கோர்ட் மிரட்டிக் கொடுத்ததும், ஒருவர் தன் வாழ்க்கைக்காகத் தேடிப்போய் வாங்கியதும் ஒன்றல்ல. "இது இயற்கையா, செயற்கையா?" என்ற கேள்விக்குள் இந்த மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. யார் கேட்டார்கள், யாருக்கு என்ன சொல்லப்பட்டது, காசு யார் பைக்குப் போனது என்று கேட்டால் மூன்றும் தனித்தனியாகத் தெரியும்.

கர்ப்பிணிகள் கதையின் முடிவையும் சொல்ல வேண்டும். 1971இல் பாஸ்டன் மருத்துவர்கள் எட்டு இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். எட்டுப் பேருக்கும் பெண்ணுறுப்பில் புற்றுநோய், அந்த வயதில் மிக அரிதாக வருவது. அதில் ஏழு பேரின் அம்மாக்கள் கர்ப்பகாலத்தில் டி.இ.எஸ். சாப்பிட்டிருந்தார்கள். இந்தத் தொடர்பு வெளிவரக் காரணம், தான் கர்ப்பத்தில் சாப்பிட்ட மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்று ஒரு அம்மா கேட்ட கேள்விதான். அந்த ஆண்டு நவம்பரில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. சிகாகோ ஆய்வு வெளிவந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. மாட்டுத் தீவனத்தில் தடைசெய்ய 1979 ஆனது.

மகள்கள் வழக்குப் போட்டபோது கம்பெனிகள் கேட்டது: உங்க அம்மா சாப்பிட்டது எங்க மாத்திரைதான்னு நிரூபிக்க முடியுமா? இருபது, முப்பது வருடம் முந்தைய மாத்திரை. யாரிடம் சீட்டு இருக்கும்? 1980இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. எந்தக் கம்பெனி என்று தெரியாவிட்டால், சந்தையில் யாருக்கு எவ்வளவு பங்கோ அந்த அளவுக்கு அவரவர் இழப்பீடு கொடுக்கட்டும். லாபத்தைப் பங்கு போட்ட அதே கணக்கு.

பெண்மையும் தாய்மையும் ஆண்மையும் ரத்தத்தில் ஊறியவை என்று யாராவது சொன்னால், இனி எனக்கு அந்தப் பொலிகுதிரைதான் ஞாபகத்துக்கு வரும். அடுத்த குறிப்பில் மெக்சிகோவின் காட்டுக் கிழங்கிலிருந்து கருத்தடை மாத்திரை வந்த கதையை எழுதுகிறேன். அங்கேயும் கிழங்கு தோண்டியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.