வாளையாரும் பதினைந்து இலக்கமும்

இங்கே துபாயில் கோவைக்காரர், பாலக்காட்டுக்காரர் யாரைக் கேட்டாலும் வாளையார் என்றால் செக்போஸ்ட்டையும் லாரி வரிசையையும்தான் சொல்வார்கள். 1956 நவம்பர் 1 வரை அது மாநில எல்லையே இல்லை. அந்தப் பக்கம் மலபார் மாவட்டம், இந்தப் பக்கம் கோயமுத்தூர் மாவட்டம். இரண்டுமே சென்னை மாநிலம்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் அங்கே வணிகவரிச் சோதனை எடுபட்டது. எல்லையும் போயிற்று என்றா நினைக்கிறீர்கள்? அது பதிவு எண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது! 15 இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலம்: கேரளா 32, தமிழ்நாடு 33. அடுத்த பத்தும் பான் எண். (வாட் காலத்து டின் எண்ணுக்கும் இதே 32, 33தான் ஆரம்பம்.)

எனக்குச் சுவாரசியமானது ஜிஎஸ்டி விதி 19. வியாபாரி கொடுத்த விவரங்களை அது தரம் பிரிக்கிறது. சட்டப்படியான பெயர், கடை முகவரி, பங்குதாரரைச் சேர்ப்பது நீக்குவது, இவற்றுக்கு அதிகாரி ஒப்புதல் வேண்டும். 15 வேலை நாளில் அவர் ஒன்றும் செய்யாவிட்டால் ஒப்புதல் ஆனதாகவே கணக்கு. மற்ற பெரும்பாலானவை விண்ணப்பித்தவுடன் மாறிவிடும். பான் மாறினால் திருத்தமே கிடையாது, புதுப்பதிவுதான். எங்கள் வங்கி பாஷையில் மேக்கர்-செக்கர். எல்லாக் கட்டத்துக்கும் செக்கர் வைத்தால் வேலை ஓடாது. எதற்குமே வைக்காவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக முதலாளியே மாறிவிடுவார்.

வாளையாரிலிருந்து பாலக்காட்டுக்குக் கடையை மாற்றினால் திருத்த விண்ணப்பம் போதும். அதைவிடக் கிட்டத்தில் இருக்கிற க.க.சாவடிக்கு மாற்றினால் போதாது. 32-ஐ 33 ஆக்க அந்தப் படிவத்தில் வழியில்லை. தமிழ்நாட்டில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும்.